பத்து நிமிடம் கேட்டவள்

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. சர்வர் தன் பதிவேட்டில் எழுதிவைத்ததை அச்செடுத்து வைத்திருக்கிறேன். பதினோரு பக்கம். அதில் இருப்பதையும் நானே பார்த்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

என் பெயர் திர்த்தா. வயது முப்பத்தொன்று. பாலித் தீவில், டென்பசார் நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை. என் மனைவி மெர்த்திக்கும் அதே பிரிவுதான். சென்ற அக்டோபர் கடைசியில் செத்துப்போனாள்.

எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாடியில் ஒரு பெரிய சர்வர் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் மருந்துக் குறிப்புகள் முழுக்க அதில்தான். அதன் இயங்குதளத்தின் அடிமையத்தில், கெர்னல் என்போமே, அதில் ஒரு ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்தது. சாதாரணக் கணக்கு ஒன்றில் நுழைந்த எவனும் அந்த ஓட்டை வழியாக மொத்த சர்வருக்கும் முதலாளியாகிவிடலாம். அடைக்கும் திருத்தமும் அன்றே வந்தது. மெர்த்தி நிறுவினாள்.

நிறுவினால் மட்டும் போதாது. புதிய கெர்னல் வட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். நினைவகத்தில் ஓடுவது பழையதுதான். சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால்தான் புதியது வேலைக்கு வரும். அதுவரை பட்டியலில் 'நிறுவப்பட்டது' என்று பச்சையாகத் தெரியும். ஓட்டை அப்படியே திறந்து கிடக்கும். பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர்.

மெர்த்தி போகவில்லை. ரீஸ்டார்ட் செய்யப் பத்து நிமிடம் கேட்டாள். பிரிவுத் தலைவர் பாக் ஓகா தரவில்லை. பாக் என்றால் எங்கள் ஊர் 'சார்'. அந்த சர்வர் நிற்காமல் ஓடிய நாட்களைத் தன் அறை வாசலில் பலகை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார் அவர். ஆயிரத்து இருபத்து மூன்று. ஆயிரத்து இருபத்து நான்கு. தினமும் காலையில் தன் கையாலேயே எண்ணை மாற்றுவார்.

பத்தொன்பதாம் நாள் அந்த ஓட்டை வழியாக யாரோ புகுந்து கோப்புகளைப் பூட்டினார்கள். அப்போதும் சர்வரை நிறுத்த அவர் விடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்கச் சொன்னார். மெர்த்தி மீட்டாள். அறுபத்தொரு மணி நேரம், தூங்காமல். ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது பைபாஸ் சாலையில் கண் அசந்துவிட்டது. எதிரே லாரி.

சனூர் கடலில் அவள் சாம்பலைக் கரைக்கும் முன்பே சர்வரில் அவள் கணக்கை மூடிவிட்டார்கள். பலகையில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

நான் சிங்கராஜா கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனேன். ஐந்து மாதம் அந்தக் கட்டடத்தை எட்டிப் பார்க்கவில்லை. மார்ச் மாதம், எங்கள் ஊரின் மௌன நாளான நியெப்பிக்குச் சில நாள் முன்பு, பாக் ஓகா அழைத்தார்.

"நியெப்பி அன்னிக்கு ட்யூட்டிக்கு ஆள் இல்ல. நீ வா. புதுத் திருத்தம் ஒண்ணு வந்திருக்கு, நிறுவிடு. தணிக்கைக்காரங்க வர்றாங்க. பட்டியல்ல பச்சை தெரிஞ்சா போதும்."

"ரீஸ்டார்ட்?"

"தொடாத. ஆயிரத்து இருநூறு நெருங்குது. ஜகார்த்தாலேருந்து ஆளுங்க வந்து போட்டோ எடுக்கப் போறாங்க."

"பத்து நிமிஷம்தான் பாக்."

"உன் பெண்டாட்டியும் இப்படித்தான்... பத்து நிமிஷம், பத்து நிமிஷம்னு என் உயிரை எடுத்தா."

யார் உயிரை யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன். நியெப்பி அன்று மாலை, ஏழு மணி மருந்துச் சுற்று முடிந்ததும் அந்த சர்வரை நிறுத்தித் தொடங்குவேன். வேலை போனால் போகட்டும். அவளுக்குத் தராத பத்து நிமிடத்தை நான் எடுத்துக்கொள்வேன்.

நியெப்பிக்கு முந்தைய மாலை ஊரெங்கும் பூத பொம்மைகளைத் தூக்கிக் கூத்தாடிக் கொளுத்துவோம். மறுநாள் விளக்கில்லை, அடுப்பில்லை, வண்டியில்லை. தீவில் யாருமே இல்லை என்று நினைத்து மிச்சமுள்ள பூதங்கள் கிளம்பிப்போக வேண்டும். கைபேசி இணையத்தைக்கூட அணைத்துவிடுவார்கள். எங்கள் மருத்துவமனையும் அன்று வெளி இணைப்பை மூடிவிடும். உள் தொலைபேசி மட்டும் ஓடும்.

தெருவில் இறங்கக் கூடாது என்பதால் முந்தைய இரவே போய்விட்டேன். கையில் நாலு பொட்டலம் ஜிங்கோ சோறு. மறுநாள் மாலை மாடி ஏறும்போது வாசல் காவலாளி நெங்கா வழிமறித்தார்.

"திர்த்தா, மேல போய்ச் சத்தம் போடாத. பூதம் வந்து உக்காந்துக்கும்."

"வரட்டும் பிலி. ரீஸ்டார்ட் பண்ணத் தெரியுமான்னு கேக்கறேன்." பிலி என்றால் அண்ணன்; எங்கள் ஊரில் மனைவி கணவனையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"உனக்கு வாய் மட்டும் குறையல." ஒரு பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு விட்டார்.

மாலை 5:50. மடிக்கணினியை சர்வரோடு இணைத்து, திருத்தத்தை நிறுவச் சொன்னேன். 'ஏற்கனவே நிறுவப்பட்டுள்ளது' என்றது. எப்போது? இன்று மாலை 5:31. யார்?

மெர்த்தி.

மூடிய கணக்கு. யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள், கேடுகெட்ட விளையாட்டு என்று நினைத்தேன். காது சூடேறியது. ஆனால் 5:31க்கு அறைக்குள் யாரும் இல்லை. கதவு அட்டை தேய்த்தால்தான் திறக்கும். அன்று தேய்த்த ஒரே ஆள் நான். 5:44க்கு.

6:20. இருட்டத் தொடங்கியது. ஊர் வழக்கப்படி விளக்கை அணைத்தேன். சர்வரின் சின்னப் பச்சை விளக்குகளும் மடிக்கணினித் திரையும் மட்டும்.

6:38. டிக்.

சர்வர் அடுக்கிலிருந்து. இரண்டு மீட்டர் தள்ளி.

டிக்... டிக்டிக்... டிக்.

அந்த அடுக்கில் ஒரு இழுப்பறை உண்டு. உள்ளே விசைப்பலகையும் மடக்குத் திரையும் இருக்கும். சர்வரோடு நேராக இணைந்தவை. இழுப்பறை மூடியிருந்தது. உள்ளே யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள்.

நின்றது.

ஒன்று... இரண்டு... மூன்று.

டக்.

மெர்த்தி அப்படித்தான். கட்டளையை அடிப்பாள், படிப்பாள், மூன்று எண்ணுவாள், பிறகுதான் என்டர். "தப்பாத் தட்டினா ஒரு ஆஸ்பத்திரியே நின்னுடும் பிலி" என்பாள்.

6:40. சர்வருக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு பெயர் வந்தது.

திர்த்தா. மடிக்கணினி.

மெர்த்தி. நேரடி விசைப்பலகை.

எழுந்து போய் இழுப்பறையை இழுத்தேன். திரை கறுப்பாக இருந்தது. விசைகள் அசையவில்லை. குளிரூட்டிய அறை, பதினெட்டு டிகிரி. விசைப்பலகையெல்லாம் ஜில்லென்றிருந்தது. என்டர் விசை மட்டும் சூடு. இப்போதுதான் விரலை எடுத்ததுபோல் சூடு.

6:42. பின்னால் மடிக்கணினி ஒலி எழுப்பியது. திரும்பிப் பார்த்தேன். சர்வரில் இருப்பவர் எல்லோருக்கும் போகும் அறிவிப்பு.

மெர்த்தியிடமிருந்து: 6:52க்கு ரீஸ்டார்ட். பத்து நிமிடம் போதும்.

முதலில் நினைவுக்கு வந்தது நோயாளிகள். பதினோரு பேர். திரை அணைந்தால் யாருக்கு எந்த மருந்து என்று தெரியாது. உள் தொலைபேசியை எடுத்தேன். எர்னா பேசினாள். ஜனவரியில் சேர்ந்த நர்ஸ். மெர்த்தியைப் பார்த்ததே இல்லை.

"எர்னா, சர்வர் நிக்கப் போகுது. மருந்துக் குறிப்பெல்லாம் உடனே..."

"தெரியும் பாக். காகிதத்துல எழுதி எடுத்துட்டோம்."

"யார் சொன்னா?"

"உங்க பிரிவுலேருந்துதான். ஒரு அக்கா, அரை மணி முன்னாடி போன் பண்ணாங்க."

"பேர்?"

"கேக்கலையே... ரொம்பக் களைச்ச குரல் பாக். நாலஞ்சு நாளாத் தூங்காத மாதிரி."

6:49. ரத்து செய்ய ஒரு வரி போதும். விரல் விசைகளின் மேல் இருந்தது.

அடிக்கவில்லை.

பயமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"எடுத்துக்கோ" என்றேன். உரக்கவே சொன்னேன். "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ."

6:52.

பச்சை விளக்குகள் அணைந்தன.

விசிறிகள் நின்றன.

வெளியே சத்தம் இல்லை. உள்ளேயும் இல்லை.

அப்போது...

என் வலது காதருகே யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக. அறுபத்தொரு மணி நேரம் அடக்கிவைத்த மூச்சு.

நான் இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

7:01. சர்வர் எழுந்தது. ஓடுவது எந்தக் கெர்னல் என்று கேட்டேன். புதியது. எர்னாவை அழைத்தேன். எல்லாம் தெரிகிறது என்றாள். உள்ளே யார் யார் என்று கேட்டேன்.

ஒரு பெயர்தான் இருந்தது.

மறுநாள் காலை 6 மணிக்குத் தெருக்கள் திறந்தன. 7:15க்கு பாக் ஓகா வந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தினால் ஐந்து மாதமாக நான் சேர்த்துவைத்ததை எல்லாம் அவர் முகத்தில் கொட்டுவதாக இருந்தேன். அவர் கத்தவில்லை. திரையில் 'ஓடிய நாட்கள்: 0' என்று இருந்ததைப் பார்த்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இனிமே வர மாட்டாளே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து போய்விட்டார். அன்று மதியம் பழைய பதிவேடுகளைத் திறந்தேன். அச்செடுத்த பதினோரு பக்கம் அதுதான்.

அவள் இறந்த அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை 6:42க்கு, நேரடி விசைப்பலகையிலிருந்து மெர்த்தி ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறாள். இருபத்தொரு சனிக்கிழமை. அந்த நேரங்களில் கதவில் யாரும் அட்டை தேய்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் அறிவிப்பு பாக் ஓகாவின் கைபேசிக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் வீட்டிலிருந்தபடியே ரத்து செய்திருக்கிறார். நியெப்பியும் சனிக்கிழமைதான்; அன்று மட்டும் வெளி இணைப்பு இல்லாததால் அவரால் சர்வருக்குள் வர முடியவில்லை.

ரத்து செய்யும்போது ஒரு வரி எழுதலாம். எழுதியிருக்கிறார்.

மூன்றாம் வாரம்: யார் இது?

எட்டாம் வாரம்: திர்த்தா, விளையாடாதே.

பதின்மூன்றாம் வாரம் எதுவும் எழுதவில்லை.

இருபத்தோராம் வாரம், நியெப்பிக்கு ஏழு நாள் முன்பு, மாலை 6:51: மெர்த்தி, நீதான் என்று தெரியும். இன்னும் ஒன்பது நாள் பொறு. ஆயிரத்து இருநூறு ஆகட்டும்.