ராய்ஸ் டில்லார்டின் சிவப்புப் பூட்டு

ராய்ஸ் டில்லார்டைப் பற்றி எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். என்னைக் கேட்டிருக்கக் கூடாது. அவன் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

ஆள் பள்ளிக்கூட பஸ் டிரைவர். ஒல்லி, லேசான கூன், சிரித்தால் ஒரு பக்கம் பல் இருக்காது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் டல்லஸில். காலையில் பஸ், சாயங்காலம் பஸ், அதற்கப்புறம் பன்றி வேட்டை. இவ்வளவுதான் அவன் வாழ்க்கை. இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்?

டெக்சஸில் எங்கள் மணல்காட்டில் பன்றிக்குப் பஞ்சமில்லை. துப்பாக்கி இல்லாத வீடு இல்லை. பஞ்சமெல்லாம் வேலிக்கதவுக்குத்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை யாரோ ஒருவருடைய நிலம், அவர் "வந்துக்கோ" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் அவருடைய கதவுச் சங்கிலியில் நம் பூட்டையும் கோத்துக்கொள்ளலாம். சங்கிலியின் இரண்டு முனைக்கும் நடுவே பூட்டுக்குள் பூட்டாகத் தொங்கும். நிலத்துக்காரர் பூட்டு, மின்சாரக்காரன் பூட்டு, எரிவாயுக் கிணற்றுக்காரன் பூட்டு, வேட்டைக்காரன் பூட்டு. எதைத் திறந்தாலும் சங்கிலி விழும். ஆனால் பூட்டும்போது கவனம் வேண்டும். அடுத்தவன் பூட்டை விட்டுவிட்டுத் தாண்டிக் கோத்தால் அவன் சாவி செல்லாக்காசு. நிலத்துக்காரரின் பூட்டையே தாண்டிக் கோத்தவன் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்கு எங்கள் ஊரில் மன்னிப்பு கிடையாது.

ராய்ஸ் தன் பூட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருப்பான். நான் எந்த ரோட்டில் போனாலும், எந்தக் கதவைப் பார்த்தாலும் அந்தச் சனியன் பிடித்த சிவப்பு.

எனக்கு என்ன இருந்தது? என் கொழுந்தனின் கல்லுப் பொட்டல். அங்கே ஒரு பன்றி வந்தால் வழி தெரியாமல் வந்தது என்று அர்த்தம். நான் மட்டும் கேட்காமலா இருந்தேன்? பூட்ஸ் சேற்றைத் துடைத்துவிட்டு, துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு, கையில் ஒரு பலகாரத்தோடு படி ஏறாத வீடில்லை. "யோசிக்கிறேம்மா", "அடுத்த வருஷம் பாக்கலாம்", கடைசியில் வயிற்றெரிச்சலைக் கிளப்ப, "ராய்ஸ்தான் வர்றானே!"

அவன் கேட்பதே இல்லை, அதுதான் கொடுமை. பிள்ளை ஷூவைத் தேடிக்கொண்டு தாமதமாக ஓடிவந்தால் பஸ்ஸை நிறுத்தி வைத்துக் காத்திருப்பான். இப்படிக் காத்திருந்து ஏற்றிய பிள்ளைகளெல்லாம் இன்றைக்கு நிலத்துக்காரர்கள். அவர்களே பஸ்ஸை மறித்து, "ராய்ஸு, பன்னி கடலையெல்லாம் கிளறிப் போட்டுடுச்சுப்பா, சாயங்காலம் வாயேன்" என்கிறார்கள். சுட்ட பன்றியைச் சாசேஜ் போட்டு சர்ச் விருந்துக்குக் கொண்டுவருவான். சனம் அதைச் சாப்பிட்டுவிட்டு ஆஹா ஓஹோ என்னும். நான் அந்தத் தட்டைத் தொடவே மாட்டேன். வாசனை மட்டும் வரும்.

அதையும் பொறுத்துக்கொள்வேன். என் சொந்தத் தாய்மாமன் எமில் கூபெனாவின் கதவிலும் அந்தச் சிவப்பு தொங்கியதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஓடையை ஒட்டின பள்ளம், மேலே கடலைக்காடு. பன்றிகளுக்கு அது கல்யாண வீடு. சின்ன வயதில் நான் மீன் பிடித்த ஓடை. அந்தக் கதவு ஒன்று எனக்கு வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

"மாமா, நான் உங்க ரத்தம். எனக்கு இல்லாம அவனுக்கா?"

"ரத்தம்ங்கிறதாலதான் பயமா இருக்கு வெல்டா. உனக்குக் குடுத்தா உன் அண்ணன் வருவான், அவன் மச்சான் வருவான், மச்சானோட கூட்டாளி வருவான். ராய்ஸு ஒத்தக்கட்டை. வந்தான் போனான்னு இருப்பான்."

அன்றைக்கு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

முதல் உறைபனி விழுந்த ஒரு காலையில், மறுபடியும் கேட்டுப் பார்க்கலாமென்று, அவருக்குப் பிடித்த கொலாச்சி வாங்கிக்கொண்டு போனேன். பழம் வைத்த அந்த ரொட்டிக்கு மாமா உயிரை விடுவார். கதவுக்கு வெளியே வண்டி நிற்கிறது, பின்னால் வைக்கோல் உருண்டை. உள்ளே மாடுகள் கத்துகின்றன. மாமா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என் கதவு, எனக்கே தொறக்கல பாரு" என்றார்.

குனிந்து பார்த்தேன். சிவப்புப் பூட்டு, மாமாவின் பூட்டைத் தாண்டிச் சங்கிலியில் நேராகக் கோத்திருக்கிறது. மாமாவின் பூட்டு ஒரு ஓரமாகச் சும்மா தொங்குகிறது.

ஐயோ, அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம்! மாட்டிக்கொண்டாயா மகனே என்று மனசு குதித்தது. முகத்தை மட்டும் துக்கமாக வைத்துக்கொண்டேன்.

"அடப்பாவி! நிலத்துக்காரரையே வெளியில நிறுத்திட்டானே. போன் போட்டீங்களா மாமா?"

"பஸ் ஓட்டறப்ப எடுக்க மாட்டான். வெட்டற கத்தரி கொட்டாய்ல இருக்கு. கொட்டாய் உள்ள இருக்கு."

என் வண்டியில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். அந்தச் சிவப்புப் பூட்டை இரண்டே அழுத்தலில் வெட்டினேன். மண்ணில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இனிக்கிறது.

மாமா வைக்கோல் போட்டுவிட்டு வந்து கொலாச்சியைக் கடிக்கும்போது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் காலி பஸ் வந்து நின்றது. ராய்ஸ் இறங்கினான். வெட்டிய பூட்டைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"என் தப்புதான் அண்ணே. நேத்து ராத்திரி பூட்டறப்ப கை விறைச்சுப் போயிருந்துச்சு, கவனிக்கல. முறை எனக்குத் தெரியும். இனிமே வரல."

நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். சொல்லுங்கள் மாமா, சரி போ என்று சொல்லுங்கள்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கடா போற? நீ போயிட்டா பன்னிய நானா தொரத்துவேன்? என் நிலத்துக்கு வெளியில என்னையே நிக்க வச்ச ஒரே ஆளு நீதான்டா! போய் வேற பூட்டு கொண்டா."

"பஸ்ஸ கொண்டுபோய் விடணும் அண்ணே."

"அப்ப வெல்டா வாங்கிட்டு வரட்டும். வெட்டுனது அவதானே."

என் முகத்தில் ஈயாடவில்லை. அவன் தப்புக்கு நான் பூட்டு வாங்க வேண்டுமாம்! கடைக்காரி வேறு, "ஜோடியாத்தான் இருக்கு, ஒரே சாவி" என்று இரண்டு பூட்டைத் தலையில் கட்டினாள்.

சாயங்காலம் பஸ் முடித்துவிட்டு ராய்ஸ் கதவடிக்கு வந்தான். மாமாவும் நின்றார். பூட்டுகளை அவன் கையில் திணித்தேன்.

"இன்னொண்ணு உனக்கா?" என்றான்.

"எனக்கு யாருங்க குடுத்தா? நாங்கல்லாம் பஸ் ஓட்டலையே."

குத்தல் அவனுக்கு உறைத்ததா தெரியவில்லை. மாமா பக்கம் திரும்பினான். "அண்ணே, ஓடைப் பக்கம் பன்னி ரொம்பப் பெருகிடுச்சு. எனக்கும் வயசாகுது. இவளும் வரட்டுமே. ஒத்தையா மட்டும் வரணும்னு சொல்லிடலாம்."

"உனக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்டா" என்றார் மாமா. அவ்வளவுதான். நான் வருஷக்கணக்கில் கெஞ்சியது, அவன் வாயிலிருந்து வந்ததும் முடிந்துவிட்டது.

"என் பூட்டுக்குள்ள கோத்துக்கோ" என்றான் ராய்ஸ். "யாரையும் தாண்டிடாத." சொல்லிவிட்டு அந்தப் பல்லில்லாத சிரிப்பு வேறு.

கோத்தேன். வேண்டாமென்று சொல்ல ரோஷம் இருந்தது, ஓடைமேல் ஆசை அதைவிட இருந்தது.

அந்த வாரமே ஓடைப் பள்ளத்தில் ஒரு தடியன் பன்றியைச் சாய்த்தேன். ராய்ஸே அவ்வளவு பெரிதைச் சுட்டதில்லை. வண்டியில் போட்டு மாமா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பாருங்கள், உங்கள் ரத்தம் என்ன செய்திருக்கிறது என்று.

மாமா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பன்றியின் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அவர் முகமெல்லாம் பெருமை.

"அடேயப்பா!" என்றார். "நல்ல ஆளாப் பாத்துத்தான் சேத்திருக்கான் ராய்ஸு."