முப்பத்திரண்டு பேரைத் தாங்கும் பெட்டி

எங்கள் வீட்டு வைஃபைக்கு நான் வைத்த முதல் பாஸ்வேர்டு ‘வாங்கவாங்க’. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். வடக்கனந்தலில் எங்கள் தெருவுக்குள் முதலில் ஃபைபர் லைன் இழுத்தது எங்கள் வீட்டுக்குத்தான். அந்தப் பெருமையில் பாஸ்வேர்டே விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். இது வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் என் மனைவி. அவள் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி வந்து திங்கட்கிழமை விடிகாலையில் ஏறிப் போய்விடுவாள். மற்ற நாட்களில் வீட்டில் நானும் மகளும்தான். அதனால் என் யோசனைகளுக்குத் தடை இருக்காது.

லைன் போட்டு வைஃபை பெட்டியை மாட்டியவரிடம், “இதுல எத்தினி பேர் ஏறலாம்?” என்று கேட்டேன்.

“முப்பத்திரண்டு வரைக்கும் ஏறும்னு போட்டிருக்காங்க சார். ஆனா வூட்டுக்குப் பத்து, பதினஞ்சோட நிறுத்திக்கினீங்கன்னா நல்லா ஓடும். ஏறதுங்கிறது வேற, ஓடறதுங்கிறது வேற.”

முதல் வாக்கியத்தோடு என் காது மூடிக்கொண்டது. அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில் சொன்னேன்: “நம்ம பொட்டி முப்பத்திரண்டு பேரைத் தாங்குதாம்.” ஏதோ நானே தூக்கி நிறுத்துகிற மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். பக்கத்து வீட்டு அண்ணன் குடும்பத்துக்குக் கொடுத்தேன். எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். பின்னால் இருக்கிற வீட்டுக்காரர் மதில்மேல் போனை நீட்டினார், அவருக்கும் அடித்துக் கொடுத்தேன். யார் வந்து கேட்டாலும் எழுத்து எழுத்தாகச் சொல்வேன். ‘இவரு வூட்டு நெட்டு’ என்று நாலு பேர் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிடும்.

இங்கே என் தொழிலைச் சொல்லியாக வேண்டும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். விவசாயிகளின் மோட்டார்கள் கருகிப்போய் என்னிடம் வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கொல்லைக் கிணற்றுக்கு மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று காத்துக்கிடக்க முடியாமல் எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி வைத்திருப்பார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருபது மோட்டார் ஒரே நொடியில் எழுந்தால் வோல்டேஜ் படுத்துவிடும். மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே இருந்து காயில் கருகும். “ஆட்டோவக் கழட்டிட்டுக் கையால போடுங்க. ஒருத்தர் போட்டப்புறம் ஒருத்தர் போடுங்க” என்று வருகிறவர்களுக்கெல்லாம் இருபத்தைந்து வருஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாடம் கடையைப் பூட்டியதும் கடையிலேயே தங்கிவிடும் போலிருக்கிறது.

மகள் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். எங்கெங்கோ விண்ணப்பம் போட்டாள், எதுவும் வரவில்லை. சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விக்குப் பயந்து கல்யாணங்களுக்குக்கூட வருவதை நிறுத்தியிருந்தாள். கடைசியில் ஒரு பெங்களூரு கம்பெனி ஆன்லைனில் இன்டர்வியூ என்று கூப்பிட்டது. ஒரு புதன்கிழமை, மதியம் மூன்று மணி. எங்கள் தெருவில் செல்போன் சிக்னல் வாசலில் ஒரு கோடு காட்டும், உள்ளே வந்தால் அதுவும் போய்விடும். ஆகவே எல்லாம் நம் பெட்டியை நம்பித்தான்.

அதே புதன்கிழமை காலையில் அண்ணன் பேரனுக்குத் தியாகதுருகத்தில் காதுகுத்து. மகள் போகவில்லை. நான் போனேன். போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரிடமும் இன்டர்வியூ விஷயத்தைச் சொன்னேன். ஒரு உத்தரவும் போட்டேன்: “மூணு மணிக்கு நம்ம தெருவுல யாரும் போனைத் தொடக் கூடாது.”

யாரும் தொடவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வேன். காதுகுத்து வேன் இரண்டரைக்குத் திரும்பியது. பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று இறங்கினவர்கள் அத்தனை பேரும் நேராக எங்கள் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். பட்டுப்புடவை, நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. சைலண்டில் போட்ட போன்கள் சட்டைப் பையிலும் இடுப்பிலும் இருந்தன. குழந்தைகளைக்கூட “ஷ்” என்று அடக்கி வைத்திருந்தார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

அறைக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது. முதலில் நன்றாகத்தான் பேசினாள். பிறகு, “சார், கேக்குதுங்களா?” கொஞ்ச நேரம் கழித்து, “ஹலோ, சார்?” அப்புறம் சத்தமே இல்லை.

கதவைத் திறந்து வந்தாள். சந்தனம் வைத்த முகங்கள் எல்லாம் அவளையே பார்த்தன.

“முடிஞ்சிடுச்சா கண்ணு?” என்றார் அண்ணன்.

அவள் என் எதிரில் வந்து தன் போனை நீட்டினாள். பெட்டியில் யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் அதில் ஓடியது.

“முப்பத்தொண்ணு பேரு உள்ள இருக்காங்கப்பா. காதுகுத்துல எடுத்த வீடியோவெல்லாம் தானா நெட்டுல மேல ஏறிக்கினு இருக்குது. பெரிப்பா போனே வூட்டு நெட்டையே இழுத்துக்கினு போவுது. இன்னும் ஒருத்தருக்கு எடம் இருக்குது, யாரனா கூட்டியாறியா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொடாதே என்று ஆட்களிடம் சொன்னேன். போன்களிடம் யார் சொன்னது? வாசலுக்கு வந்த உடனே எல்லாம் தானாக எழுந்து ஓட ஆரம்பித்திருக்கின்றன. அத்தனையிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர். இருபத்தைந்து வருஷமாக ஊருக்கே பாடம் எடுத்த பெரிய மனுஷன் நான், என் பெண்ணின் காயிலைக் கருக்கிவிட்டுத் தாம்பூலப் பையோடு நின்றேன்.

பாவம், அண்ணன் முகம் செத்துவிட்டது. “சொல்லியிருந்தா போன அணச்சிட்டு வந்திருப்பேனே” என்றார். அவரைச் சொல்லி என்ன, ‘வாங்கவாங்க’ என்று கூப்பிட்டவன் நான்.

கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு இன்னொரு தடவை பேசலாம், இனி நேரம் மாற்ற முடியாது. மகள் அம்மாவுக்கு மட்டும் போன் செய்தாள். பெட்டியை இனி நம்பாமல் மறுநாள் முதல் பஸ்ஸில் மலைக்குக் கிளம்பினாள். நானும் ஏறிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை வளைந்து வளைந்து போனது. ஊரில் ஃபைபர் போட்டவன் சிக்னலைத் தேடி மலை ஏறிக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரவேண்டிய விஷயம்தான், வரவில்லை.

மனைவியின் குவார்ட்டர்ஸுக்கு எதிரிலேயே செல்போன் டவர். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

“போனக் குடுங்க.”

கொடுத்தேன். அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். தன்னுடையதையும் அணைத்தாள்.

“நீங்க போயி அந்தப் பலா மரத்தாண்ட நில்லுங்க. கூப்புடற வரைக்கும் யாரையும் கூட்டியாறாதீங்க.”

முக்கால் மணி நேரம் நின்றேன். போன் இல்லாமல், பேச ஆள் இல்லாமல், பெருமை பேச ஒரு டீக்கடைகூட இல்லாமல். உள்ளே ஒரே ஒரு போனின் நெட்டில் என் மகள் தடங்கல் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது அவ்வளவுதான் என்று அங்கே நின்றபோது புரிந்தது. பெட்டியைப் பெரிதாக வைத்தேன், அதில் அவளுக்கு இடம் வைக்கவில்லை.

வேலை கிடைத்தது. பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முன்பு பாஸ்வேர்டை அவளே மாற்றினாள். அண்ணன் தனியாக லைன் இழுத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் நாலு நாள் முறைத்தார், பிறகு அவரும் இழுத்துக்கொண்டார்.

போன மாதம் பெட்டியைப் பார்க்க அதே லைன்காரர் வந்தார். பட்டியலைத் திறந்து, “ஆறுதான் ஓடுது சார், இப்பதான் சரி. இந்த ஒரு போன் ரொம்ப நாளா வரலியே, பேர அழிச்சிடட்டுங்களா?” என்றார். பட்டியலின் கடைசியில் சாம்பல் நிறத்தில் மகளின் பெயர்.

“அது இருக்கட்டுங்க” என்றேன்.

பொங்கலுக்கு மகள் வந்தபோது நான் ஹாலில் அந்தப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பலாகக் கிடந்த பெயர் சட்டென்று பச்சையானது. கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவள் அப்போதுதான் ஆட்டோவிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்தாள். ஊரில் இருக்கிற ஆட்டோ ஸ்டார்ட்டரை எல்லாம் கழற்றச் சொல்கிறவன் நான், அவள் போனில் இருக்கிற அந்த ஒன்றை மட்டும் கழற்றவில்லை.