அம்மா நடக்காத ஒன்பது நாள்கள்

அம்மாவைப் பார்த்துக்கொள்ள, புலாவ் செபாங்கிலிருந்து அத்தை துணிப்பையோடு வந்து இறங்கியது அன்பினால்தான். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. அந்த அன்பை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அம்மா ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றே வேலை பார்த்தவர். கெண்டைக்காலில் ரத்த நாளங்கள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு புடைத்திருந்தன. மருத்துவமனையில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளையிட்டு, கெட்ட நாளத்தை உள்ளேயே சுட்டு அடைத்துவிட்டு, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி மலாய் மொழியில் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். பத்து வயதுக்காரி நான்தான் படித்துச் சொன்னேன்: மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும்.

அப்பாவின் அக்காளான அத்தைக்கும், எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவிய காலத்தில் இதே நோய் வந்தது. அப்போதெல்லாம் தொடையிடுக்கிலும் கணுக்காலிலும் கீறி, கம்பி விட்டு நாளத்தையே உருவி எடுப்பார்களாம். கைலியைத் தூக்கி அந்தத் தழும்புகளை எல்லோருக்கும் காட்டுவார்.

“அண்ணி, மிஸி நடக்கச் சொன்னாங்க லா,” என்றார் அம்மா.

“மிஸிக்கு என்னா, சொல்லிட்டுப் போயிரும். என் கால உருவுனப்ப ரெண்டு வாரம் தரைய மிதிக்கல நானு. இன்னிக்கும் கல்லு மாதிரி நிக்கிறேன், பாரு!”

வைத்தியம் எங்கேயோ முன்னேறிப் போய்விட்டது. எங்கள் வீடு அத்தையின் பழைய கட்டிலிலேயே கிடந்தது. அக்காள் பேச்சுக்கு அப்பாவிடம் மறுபேச்சு கிடையாது. அத்தை முகம் சுளிக்காமல் பெட்பேன் எடுத்தார், மிளகு ரசம் ஊட்டினார். அம்மாவுக்குக் காவல் நான்.

எனக்கோ கொண்டாட்டம். ஷிப்டு வேலைக்கு ஓடும் அம்மா பகலெல்லாம் வீட்டில் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பள்ளி விட்டதும் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன். அவர் ஒரு காலைக் கீழே வைத்தால் போதும், “அத்தை!” என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே காலை இழுத்துக்கொள்வார்.

ஒன்பதாம் நாள் காலையில் மூச்சு விட முடியவில்லை என்றார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டதாம்.

மருத்துவமனையில் அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அப்பா சுவரில் சாய்ந்து கிடந்தார். அம்மா வீட்டில் எழுந்து நடந்தாரா என்று டாக்டர் கேட்டதற்கு நான்தான் பதில் சொன்னேன், பள்ளிக்கூடத்து மலாயில், தெளிவாக: “ஓர் அடிகூட இல்லை டாக்டர். நான் விடவே இல்லை.”

அவர் பேனாவை மூடிவிட்டு என் தலையில் கை வைத்தார். மெச்சுகிறார் என்றுதான் நினைத்தேன்.