கழுத்தடி நிழல்

நானாட்டான் பக்கத்தில் சிலை வேண்டுமென்றால் சிவராணியைத்தான் தேடி வருவார்கள். கோயிலுக்குத் துவாரபாலகர், தேவாலயத்துக் கற்குகைக் கெபிக்கு மாதா, எதுவானாலும் கம்பி கட்டி, சீமெந்து பூசி உருவம் எடுத்துத் தருவாள். ஆனால் கம்பியைத் தொடுமுன் வரைந்தாக வேண்டும். சீமெந்துப் பையைப் பிரித்து உள்பக்கத்தைத் திருப்பி, அடுப்புக்கரியால் கீறுவாள். பாரம் இறங்கும் பக்கத்தில் கோடு அழுந்தித் தடிக்கும். பாரமில்லாத பக்கத்தில் தொட்டும் தொடாமலும் போகும். பிறகு உள்ளங்கையால் கரியைத் தேய்ப்பாள். கறுத்த இடம் குழி, வெளிறிய இடம் மேடு. அந்தப் படம் இல்லாமல் அவளுக்குக் கை ஓடாது.

அவளுடைய ஊர், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர். அவர்களின் முன்னோர் கடல் கடந்து வந்து இந்தக் கரையில் படகிறங்கி, காட்டு வழியே தேயிலை மலைக்கு நடந்து போனவர்கள். அவர்கள் நினைவாகச் சந்தியில் ஒரு சிலை வைக்கப் போன வருடம் ஒரு குழு அமைந்தது. பக்கத்து ஊர் வயல்காரர் யோகராசா அதன் தலைவர். வேலை சிவராணிக்கு என்று முடிவாயிற்று. தலையில் சுமையோடு நடக்கும் ஒரு பெண்ணை எடுக்க நினைத்தாள்.

அடுத்த வளவில் இருக்கும் ராக்கம்மா, கூலிவேலைக்குப் போகிறவள், படத்துக்காக நான்கு காலைகள் தலையில் விறகுக்கட்டோடு சிவராணியின் முன்னால் நின்றாள். கடைசி நாள் கட்டை இறக்கிவைத்துவிட்டுப் படத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னா புள்ள, காலு இம்புட்டு பெருசா கெடக்கு?"

"நடந்த கால் அப்பிடித்தான் இருக்கும் அக்கா."

ராக்கம்மா தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். விறகுக்கட்டை மறுபடி தலையில் தூக்கிக்கொண்டாள்.

பைத்தாள்களை ஒட்டி வரைந்த ஆளுயரப் படம் குழுக் கூட்டத்தில் சுவரில் தொங்கியது. யோகராசா கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீறியிருக்கிறாய் பிள்ளை. ஏன் இவ்வளவு கறுப்பு? கழுத்தடி எல்லாம் இருண்டு கிடக்கு. பாக்கிற சனத்துக்கு ஒரு லட்சணம் வேணாமோ?"

"அது நிழல் ஐயா. சுமை ஏறினால் கழுத்து உள்ளுக்கு இறங்கும். நிழலை எடுத்தால் சுமை தலையில இராது, மிதக்கும்."

அவர் சிரித்தார். சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்து, படத்தின் கழுத்தடியை அழுத்தித் துடைத்தார். கரி கலைந்து சாம்பலாய் இழுபட்டது.

"இப்ப பாருங்கோ, எவ்வளவு வடிவு!"

குழுவில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

சிவராணி படத்தின் அருகே போனாள். முன்பு அம்மனின் இடையைச் சிறிதாக்கச் சொன்னபோது சிறிதாக்கியிருக்கிறாள். மாதாவின் மூக்கை நீட்டச் சொன்னபோது நீட்டியிருக்கிறாள். இன்று முடியவில்லை. பையிலிருந்து கரித்துண்டை எடுத்து, துடைத்த இடத்திலேயே முன்னையைவிடக் கறுப்பாகத் தீட்டினாள். கரி முறிந்து விழுந்தது.

"நீங்கள் அழிச்சது ராக்கம்மா அக்காவின்ர கழுத்து. அது இல்லாத சிலையை நான் செய்யமாட்டன்."

"அப்ப வேற ஆளைப் பிடிப்பம்."

"பிடியுங்கோ."

படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சிலையை அவள் தன் வளவிலேயே, தெருவைப் பார்த்தபடி எழுப்பினாள். மற்ற வேலைகளில் மிஞ்சிய கம்பியும் சீமெந்தும்தான். படத்தை வேலிக் கம்பியில் கட்டிவைத்து, கரி இருண்ட இடமெல்லாம் சீமெந்தைக் குடைந்தாள். நான்கு மாதம் பிடித்தது. மத்தியான வெயில் உச்சியில் விழுந்தபோது, சிலையின் நாடிக்குக் கீழே, கழுத்தடியில், அதே கறுப்பு தானாகவே வந்து நின்றது. தெருவில் போனவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

குழுவுக்கு வேறு ஆள் அமையவில்லை. ஒருநாள் யோகராசா வந்து வேலிப் படலையடியில் நின்றார். சிலையை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி பிள்ளை, இதையே சந்திக்குக் கொண்டுபோவம். முகத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிறின பெயின்ற் அடிச்சால்..."

"பெயின்ற் வாளியோட ஆரும் இந்தப் படலையைத் தாண்டக்கூடாது ஐயா. பாக்க விருப்பமான சனம் இங்க வரட்டும்."

அவர் போய்விட்டார். சந்தியில் கட்டிய பீடம் இன்றும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. சிவராணி அடுத்த கிழமையே இன்னொரு சீமெந்துப் பையைப் பிரித்து விரித்தாள். இம்முறை கீறியது, தோளில் பிள்ளையைச் சுமந்த ஓர் ஆண். அந்தக் காட்டு வழியே யாரும் தனியாக நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.