கறுப்பு ராசாவுக்குக் கறுப்புக் காணாது

போன செவ்வாய்க்கிழமை காலை பாண் வாங்கப் போன இடத்தில் ஒரு புகார் கிடைத்தது.

பேக்கரி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். என்னைக் கண்டதும் பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார்.

"நீர் பேப்பரில எழுதிறனீர்தானே? இதையும் எழுதும். இந்த முறை ராசாக்கள் திருநாளில வந்த கறுப்பு ராசா சரியில்லை."

"என்ன குறை ஐயா?"

"கறுப்புக் காணாது. இன்னும் வேணும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"போன வருஷம் வந்தவர் எப்பிடி? சும்மா அண்டங்காகம் மாதிரி மினுங்கினார். இவர்... எங்களை மாதிரித்தான் கிடக்கிறார்!"

பாணோடு போய்விட்டார். புகார் என்னோடு தங்கிவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. இந்த முறை வந்த கறுப்பு ராசா எங்களை மாதிரித்தான் இருந்தார். விஷயமே அதுதான்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். பாலன் யேசுவைப் பார்க்க மூன்று ராசாக்கள் வந்த திருநாள் தை மாதம், அதாவது ஜனவரி, ஆறாந் திகதி. மற்ற ஊர்களில் அவர்கள் ஒட்டகத்தில் வருவதாகச் சோடிப்பார்கள். திருகோணமலையில் ஒட்டகத்துக்கு எங்கே போவது? இங்கே பிறத்தியார் யார் வந்தாலும் கடல் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். ஆகவே எங்கள் ராசாக்களும் வள்ளத்தில் வருவார்கள். உள்துறைமுகத்தில் அலை கிடையாது, ராசாக்களுக்கு வயிற்றைப் புரட்டாது. இறங்குதுறையில் காலை வைத்து, மேளம் முன்னே போக, கோயில் வரைக்கும் நடை.

மூவரில் ஒருவர் கறுப்பு. அந்த ராசா பதினொரு வருஷமாகச் சூசைப்பிள்ளை. தபால் கந்தோரில் முத்திரை விற்கிறவர், எலுமிச்சம்பழ நிறம். அவருக்குச் சட்டிக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினால் அண்டங்காகம். பெரியவர் மெச்சிக்கொண்டது அந்தக் கரியைத்தான்.

இனி லோரன்ஸ்.

லோரன்ஸ் துறைமுகத்தில் சாமான் தூக்கும் வின்ச் இயக்குகிறவர். பாலையூற்றில் வீடு. போர்த்துக்கேயரோ, ஒல்லாந்தரோ, இங்கிலீசுக்காரரோ - யாரோ ஒருவர் பட்டாளத்துக்கென்று ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து இறக்கிய மனிதர்களின் பரம்பரை. ஊரில் காப்பிரி என்பார்கள். சொல்கிறவரின் குரலைப் பொறுத்து அது குலப்பெயராகவும் இருக்கும், வசையாகவும் இருக்கும். லோரன்ஸ் பேசுவது நாங்கள் பேசும் அதே தமிழ். பாட்டு மட்டும் எங்களைவிட நன்றாகப் படிப்பார்.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய பெரிய கிழமையில் யேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும்போது சாட்டையால் அடிக்கிற சேவகன் வருவான் அல்லவா? அந்தச் சேவகன் ஒவ்வொரு வருஷமும் லோரன்ஸ்தான். அவருக்கு முன் அவருடைய தகப்பன். சுருட்டை முடி, அகன்ற தோள். "ஆள் பொருத்தம்" என்பார்கள்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய மாதம் ஒருநாள் இறங்குதுறையில் என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார்.

"தம்பி, ஒரு கதை. என்ர மூத்தவள் பிலோமினா ஞானோபதேச வகுப்புக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறாள்."

"ஏன் அண்ணை?"

"பிள்ளையள் பேர் வைச்சிருக்குதுகள். சேவகன்ர மகள். யேசுவை அடிச்சவன்ர மகள். பத்து வயசுப் பிள்ளை. பாடுற பிள்ளை. இப்ப கோயிலில பாடுறதுக்கும் போறாளில்லை." சைக்கிள் மணியை ஒருதரம் சும்மா அடித்தார். "இந்த முறை நான் ராசாவா வந்தா என்ன எண்டு யோசிக்கிறன். கறுப்பு ராசாதானே... ஒருக்கா அவள் பாக்கட்டும். கோயில் சபையில கேக்கப் போறன். நீங்களும் ஒரு சொல்லுச் சொன்னா எடுபடும்."

ஓம் என்றேன். அந்த 'ஓம்' நினைவில் இருக்கட்டும்.

சபைத் தலைவர் ஊரில் பெரிய மனிதர், வாசிகசாலைக்கும் தலைவர். போன வருஷம் கொழும்பில் அணிசேரா நாடுகளின் மாநாடு நடந்ததே - ஆபிரிக்கத் தலைவர்கள் விமானத்தால் இறங்குகிற படங்களைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு அவர் வாசிகசாலையில் ஒரு கூட்டம் வைத்தார். தென்னாபிரிக்காவின் நிறவெறிக்கு எதிராக முக்கால் மணித்தியாலம் பேசினார். "அங்கே ஒரு கறுப்புச் சகோதரன் விழும்போது இங்கே நான் விழுகிறேன்!" என்றபோது மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸ்தான் விழுந்தது. தீர்மானத்தின் பிரதியை எனக்கும் தந்தார். பிரசுரமாயிற்று.

காலம் மாறித்தான் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஆபிரிக்கப் பட்டாளம் இறங்கியிருந்தது. சோறு தின்ன அடம்பிடித்தால் "காப்பிரியிட்டப் பிடிச்சுக் குடுப்பன்" என்று வெருட்டினார்கள். உப்புவெளியில் ஒரு சிப்பாய் தண்ணீர் கேட்டு எங்கள் கிணற்றடிக்கு வந்தபோது நானும் தங்கையும் கட்டிலுக்குக் கீழே. அவன் வைத்துவிட்டுப் போன பிஸ்கற்றை மட்டும் பயப்படாமல் தின்றோம். இன்றைக்கு? சலூனில், தேத்தண்ணீர்க் கடையில், தையல் கடையில் எல்லாம் கறுப்புக் குத்துச்சண்டை வீரரின் படம் தொங்குகிறது.

ஆனால் படத்தில் இருப்பவர் பாலையூற்றில் வீடு கட்டி இருக்கவில்லை... அது ஒரு வசதி.

சபைக் கூட்டம் நடந்தது. தோரணம், மேளம் எல்லாம் பேசி முடிந்த பிறகு பின்வரிசையில் லோரன்ஸ் எழும்பினார்.

"இந்த முறை நான் ராசாவா வரட்டோ?"

தலைகள் பின்னால் திரும்பின. பிறகு ஒருவர் கேட்டார்: "எந்த ராசா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "லோரன்ஸ், உம்மில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா சனம் எண்டு ஒண்டு இருக்கு. சேவகனா நிக்கிறவரை ராசா எண்டு சொன்னா எடுக்குமோ?"

"சேவகன் நீங்கள் தந்ததுதானே. நான் கேட்டு எடுக்கேல்லை."

"பிள்ளையள் பயந்திடுங்கள்" என்றது ஒரு பெண் குரல்.

"சூசையண்ணை கரி பூசிக்கொண்டு வந்தாப் பயப்பிடாத பிள்ளையள், நான் முகம் கழுவிக்கொண்டு வந்தாப் பயப்பிடுமோ?"

பதில் இல்லாத இடத்தில் தலைவர்கள் செய்வதை எங்கள் தலைவரும் செய்தார். என் பக்கம் திரும்பினார்.

"பத்திரிகைக்காரர் என்ன சொல்லுறார்?"

லோரன்ஸும் என்னைப் பார்த்தார்.

வாசகர்களே, செய்தியை இரண்டு பக்கமும் நோகாமல் எழுதிப் பழகியவன் நான். "இந்த வருஷம் பழையபடி போகட்டும். அடுத்த வருஷம் யோசிப்பம்" என்றேன்.

அந்த வசனத்தில் எழுத்துப் பிழை இல்லை. மற்ற எல்லாப் பிழையும் இருந்தது.

லோரன்ஸ் பின்வரிசையில் திரும்ப உட்கார்ந்தார். அவரைச் சமாதானப்படுத்தச் சபை ஒரு பதவி கொடுத்தது - கறுப்பு ராசாவுக்குக் குடை பிடிக்கிற வேலை.

உடுப்புத் தைக்கிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர் சித்தீக் காக்கா. வருஷா வருஷம் எங்கள் ராசாக்களுக்கு அளவெடுக்கிறவர் இவர்தான். அளவு கொடுக்கச் சூசைப்பிள்ளை போனபோது நானும் போனேன். காக்கா நாடாவைக் கழுத்தில் போட்டபடி கதையை முழுக்கக் கேட்டார்.

"எங்கட மார்க்கத்தில முதன்முதல் தொழுகைக்குப் பாங்கு சொன்னவரே கறுப்பர்தான் தம்பி. நபி நாயகமே கூப்பிட்டு ஏத்தி வச்சவங்க."

"அப்ப காக்கா, பாலையூற்றில இருந்து உங்கட வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தா...?"

நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார். "நீங்க பேப்பர்காரர், கேக்கத்தான் செய்வீங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "கஷ்டந்தான்" என்றார். எங்கள் எல்லோரையும்விட அவர் நேர்மையானவர்.

போகும்போது சூசைப்பிள்ளையிடம் ஒரு எச்சரிக்கை சொன்னார். "இந்த முறை புது வெல்வெட். எண்ணெய் பட்டாக் கறை போகாது. கரியைத் தண்ணியில கரைச்சுப் பூசுங்க."

மாரி காலத்தில், தண்ணீரில் கரைத்த கரி! தெரிந்தேதான் சொன்னாரா? நான் கேட்கவில்லை. சபை ஏற்றுக்கொண்டது. வெல்வெட்டுக்குச் செலவழித்தவர்களுக்கு வானம் கண்ணில் படாது.

திருநாள். பின்னேரம் நாலு மணி. வள்ளம் துறைக்கு வந்தது, மேளம் முழங்கியது, மழையும் அதே நிமிஷம் இறங்கியது.

முத்துக்குடை அழகுக்குச் செய்தது. அதில் மழை நேராக உள்ளே வந்தது. லோரன்ஸ் குடையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஒன்று சொல்ல வேண்டும் - அவர் வேண்டாவெறுப்பாகப் பிடிக்கவில்லை. தான் நனைந்து ராசாவைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஏலவில்லை. சூசைப்பிள்ளைக்கு முதலில் நெற்றி வெளுத்தது. பிறகு மூக்கு. கன்னங்களில் கறுப்புக் கோடுகள். பாதித் தூரத்தில் எங்கள் ராசா வரிக்குதிரை.

எல்லோரும் ஒரு தேத்தண்ணீர்க் கடைக்குள் ஒதுங்கினோம். கோயில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. பாதர் வாசலில் நிற்பார். தலைவர் பதறினார்.

"தம்பி, ஒரு சட்டி தாரும்! அடியில கரி உள்ளதாப் பாத்துத் தாரும்!"

கடைக்காரர் குசினியிலிருந்து ஒரு சட்டியை எடுத்து வந்தார். தலைவர் அதை வாங்கித் தடவத் தொடங்கினார். விரல், உள்ளங்கை எல்லாம் கரி. அப்போது லோரன்ஸ் குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார்.

"சட்டியை வையுங்கோ தலைவர். மழை நிக்காது. என்ர நிறம் மழையில போகாது."

முதலில் சிரித்தவர் யார் தெரியுமா? சூசைப்பிள்ளை. தோளிலிருந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"கழட்டுங்கோடாப்பா இந்தக் குப்பாயத்தை. பதினொரு வருஷமாக் கண் எரியுது. ஒருத்தரும் கேக்கேல்லை!"

வெல்வெட் அங்கி லோரன்ஸின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. அதற்குக் கீழே உடுத்திருந்த சாரம் தெரிந்தது. அட்டைக் கிரீடம் அவருடைய சுருட்டையில் இறங்க மறுத்தது. ஒரு கையால் அதைப் பிடித்தபடி, மறு கையில் பாலனுக்குக் காணிக்கையான வெள்ளைப்போளம் வைத்த பேழையுடன் மழைக்குள் இறங்கினார். குடையைச் சூசைப்பிள்ளை எடுத்துக்கொண்டார்.

நான் அவர்களுக்கு இரண்டடி பின்னால் நடந்தேன். நடக்கும்போது, இத்தனை வருஷமாகப் பார்த்தும் பார்க்காத ஒன்றைக் கவனித்தேன். லோரன்ஸும் தலைவரும் பக்கத்துப் பக்கத்தில். தலைவர்தான் ஒரு படி கறுப்பு. கையிலிருந்த கரியைக் கணக்கில் எடுக்காமலே.

பிலோமினாவைத் தாய் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்திருந்தாள். கோயில் கதவோரம் நின்றாள் பிள்ளை. அவளுடைய கண் குடை பிடிக்கிறவரைத்தான் தேடியது. குடையின் கீழே சூசைப்பிள்ளையைக் கண்டு முகம் சுருங்கியது. பிறகு குடைக்கு முன்னால் பார்த்தாள்.

அழவில்லை, சிரிக்கவும் இல்லை. வரிசையை விட்டு வெளியே வந்து அங்கியின் ஈர விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால், வழியில் நின்ற வகுப்புத் தோழியைக் கொஞ்சம் பலமாகவே விலத்தினாள். பாலன் குடில் வரைக்கும் ராசாவோடு நடந்தாள். பாடகர்கள் பாடத் தொடங்க, நடந்துகொண்டே பாடினாள். பிள்ளைகள் ஒருவரும் பயப்படவில்லை. ஒரு குழந்தை ராசாவின் கிரீடத்தைக் கேட்டு அழுதது - அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பேப்பரில போடுறதெண்டா, சபை ஏகமனதாத் தீர்மானிச்சது எண்டு போடும்."

போடவில்லை. இப்போது போடுகிறேன்: மழை ஏகமனதாகத் தீர்மானித்தது.

இதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் பெரிய கிழமை வருகிறதே! லோரன்ஸ் சபைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்: "இனிச் சாட்டை பிடிக்கமாட்டன். மகளின்ர கட்டளை." பிலோமினா ஞானோபதேசத்துக்குப் போகிறாள். பழைய பேரைச் சொன்ன ஒரு பையனிடம் "ராசான்ர மகள் எண்டு திருத்திச் சொல்லு" என்றாளாம்.

ஆக, சேவகன் பதவி காலி.

போன வியாழக்கிழமை பின்னேரம் தலைவரும் சூசைப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கதிரையில் சரியாக இருக்க முன்னமே தலைவர் தொடங்கினார்.

"உம்மைத்தான் யோசிச்சிருக்கிறம். குரல் இருக்கு. உயரம் இருக்கு."

"நிறமும் இருக்கு" என்றார் சூசைப்பிள்ளை. "கரி தேவைப்படாது."

எனக்கு வேலை கூடுதலென்றேன். நடித்துப் பழக்கமில்லையென்றேன். ஒத்திகைக்கு நேரமில்லையென்றேன். தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். தலைவருக்கு முதல் கோப்பையைக் கொடுத்தபடி சொன்னாள்:

"ஒத்திகை என்னத்துக்கு? அண்டைக்குச் சபையில லோரன்ஸ் அண்ணைக்கு நடிச்சுக் காட்டினவர்தானே."