இரண்டு கடல்களும் ஒரு கேக் டின்னும்

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய வார இறுதியில் கடலில் குளிக்கத் திருகோணமலைக்குப் போனோம் என்றால், விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நான் அங்கே போனதெல்லாம் பள்ளிக்கூட ஆவணி விடுமுறையில்தான். வருடம் முழுவதும் அந்தக் கடல் அப்படியே சாதுவாகக் கிடக்கும் என்று நம்பி, புறாமலைத் தீவுக்குப் படகு, பவளப்பாறை என்று பட்டியல் போட்டேன்.

உண்மைக் காரணம் வேறு. றெஜினா, கவிதா, நான் மூவரும் கொழும்பில் ஒரே வாடகை அறையில் இருந்து சிநேகிதிகள் ஆனவர்கள். றெஜினா ஜனவரி முதல் வாரம் மெல்பேர்னுக்கு ஒரேயடியாகப் போகிறாள். விசா கைக்கு வந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு மாதமாகக் கவிதா அவளோடு கதைக்கவில்லை. விமானம் ஏற முன் இருவரையும் கதைக்க வைக்கவேண்டும், அவ்வளவுதான். தீவு வெறும் சாட்டு.

வெள்ளி காலை 6.15க்குக் கொழும்பிலிருந்து ஏசி பஸ், ஆளுக்கு 1,900 ரூபாய். ஏறக்குறைய 260 கிலோமீற்றர், ஏழு மணித்தியாலம். ஹபரணையில் தேநீருக்கு நிறுத்தியபோது றெஜினா தன் நீலக் கேக் டின்னைக் கவிதாவின் மடியில் வைத்தாள். இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நத்தாருக்கு அந்த டின் கேக்கோடு கவிதாவிடம் போகும், தைப்பொங்கலுக்குப் பொங்கலோடு றெஜினாவிடம் திரும்பும். வெறும் டின் ஒருநாளும் திரும்பியதில்லை.

"திருப்பித் தர ஏலாத டின்னை நான் ஏன் வாங்கோணும்? பொங்கலுக்கு நீ இங்க இருக்கமாட்டாய்தானே," என்றாள் கவிதா. இரண்டு மாதத்தில் அவள் றெஜினாவிடம் சொன்ன முதல் வசனம் அது. டின் என் பைக்குள் போனது. மிச்ச இரண்டு மணித்தியாலமும் நடுச் சீற்றில் நான். பஸ்ஸுக்கு ஏசியே தேவைப்படவில்லை.

உப்புவெளியில் மூவருக்கும் ஓர் அறை, இரவுக்கு 9,500. சனி காலை எட்டு மணிக்கு ஓட்டோ பிடித்து, புறாமலைப் படகுகள் நிற்கும் இடத்துக்கு விடச் சொன்னேன். ஓட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மார்கழியில ஆர் பிள்ளையள் புறாமலைக்குப் போறது? வைகாசிக்குப் பிறகு வாங்கோ. இப்ப கடல் படகைக் கவிழ்த்துப் போடும்."

றெஜினா வாய்விட்டுச் சிரித்தாள். கவிதா வெளியே பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பினாலும் தோள் குலுங்கியதைக் கண்டேன். என் மடத்தனமாவது இருவரையும் ஒரு பக்கம் சேர்த்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

"சரி, ஏறுங்கோ. ரெண்டு கடல் காட்டுறன்," என்றார் அவர். நகரத்துக்கு ஐந்து கிலோமீற்றர், 700 ரூபாய். முதலில் டச்சுக் குடாவில் இறக்கினார். அலைகள் மதில் உயரத்துக்கு எழும்பி விழ, எங்கள் மூக்குக்கண்ணாடி எல்லாம் உப்பு. கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். அங்கிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து, பத்து நிமிடத்தில் உட்துறைமுகக் கரைக்குக் கொண்டுவந்தார்.

அங்கே தண்ணீர் அசையவேயில்லை. சுற்றிவர மலைகள், நடுவில் பச்சை கலந்த கருநீலம், அதன்மேல் ஒரு சரக்குக் கப்பல். அவ்வளவு பெரிய கப்பல் கோப்பைக்குள் வைத்ததுபோல ஆடாமல் நின்றது. வந்த வழியை மறந்துவிட்டேன், இவர்களின் சண்டையையும் மறந்துவிட்டேன்.

"இதுவும் அதே கடலோ?" என்று கவிதா கேட்டாள்.

"ஓம் தங்கச்சி, அதே தண்ணிதான். மலையள் மறிச்சு நிக்குது, அலை உள்ளுக்கு வர ஏலாது."

மாலை நகரத் தெருக்களில் நடந்தோம். வாசலுக்கு வாசல் விளக்கு எரியும் நட்சத்திரக் கூடுகள், ஒரு மாதா கோயிலில் கரோல் ஒத்திகை. றெஜினா கூடவே பாடினாள். கவிதா நாலடி தள்ளி நின்றாள். அறைக்கு வந்ததும் கவிதா என் பையைத் திறந்து டின்னை எடுத்தாள். கேக்கைச் சாப்பாடு கட்டும் பொலித்தீன் தாளில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு, டின்னோடு விடுதிக் குசினிக்குப் போய்த் தேய்த்துக் கழுவினாள். வெறும் டின்னைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள், இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். றெஜினாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

ஞாயிறு அதிகாலை ஐந்துக்கு அதே ஓட்டோ, போக வர 1,800. திருவெம்பாவைக் காலம் என்பதால் கோணேசர் கோயிலில் நல்ல கூட்டம். கோயிலுக்கு ஏறும் பழைய கோட்டைக்குள் மான்கள் வழியை விடாமல் நின்றன. மேலே, பாறை செங்குத்தாக இறங்கும் இடத்தில் எட்டிப் பார்த்தோம். கீழே கடல் உறுமியது, மேகத்தைக் கிழித்துக்கொண்டு வெளிச்சம் வந்தது. கோயில் மணியும் அலையும் சேர்ந்து கேட்டன.

பூசை முடிந்து பார்த்தால் கவிதா பிரசாத வரிசையில் டின்னை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பரிமாறியவர் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு இரண்டு அகப்பை பொங்கல் போட்டார். அவள் நேரே றெஜினாவிடம் வந்தாள்.

"இந்தா. என்ர முறை முடிஞ்சுது. இனி டின் உன்னட்ட. அடுத்த நத்தாருக்குக் கேக்கோட வரோணும்."

"மெல்பேர்னில இருந்தோ?"

"அது உன்ர பாடு."

றெஜினா சூடான டின்னைப் பிடித்தபடி அழுதாள். நானும்தான்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழியில் குடை கட்டாயம், படகை நம்பவேண்டாம். இரண்டு கடலையும் ஒரே நாளில் பாருங்கள். கோயிலுக்கு விடிய முன் போங்கள்.

ஜனவரியில் விமான நிலையத்தில் றெஜினாவின் பெட்டி நிறை கூடிவிட்டது. அவள் இரண்டு சோடி சப்பாத்தையும் ஒரு சேலையையும் எடுத்து என் கையில் தந்தாள். டின் பெட்டிக்குள்ளேயே இருந்தது.