ஞானசீலன் வாத்தியாரின் அலுமினியத் தடி

வில்லாபுரத்துல எங்க வீட்டு வாசல் ரூமுக்கு ஞானசீலன் வாத்தியார் குடி வந்தது எண்பத்தஞ்சுல. மிஷன் பள்ளிக்கூடத்துல பௌதிகம் நடத்துறவரு. தனிக்கட்டை. வந்த அன்னைக்கே எனக்கு ஆகல. ஆள் உசர அலுமினியத் தடியைக் கம்பியில கட்டி உத்தரத்துல தொங்கவிட்டா எந்த வீட்டுக்காரிக்குத்தான் பிடிக்கும்?

கேட்டா, வானத்துல ரெண்டு நட்சத்திரம் மோதுனா அந்த அதிர்வு பூமி வரைக்கும் வருமாம். தடி நடுங்குமாம், அதுல மாட்டுன ஊசி காகிதத்துல கோடு போடுமாம். யாருகிட்டக் கதை விடுறாரு!

"அக்கா, ஞாயித்துக்கிழமை பத்துலருந்து பன்னெண்டு வரைக்கும் மட்டும் உரல்ல இடிக்காதீக"ன்னாரு. வேதக்காரரு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாம கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தா என்ன அர்த்தம்? அதுவும் என் மக செல்லத்தாய்க்குக் கல்யாணம் வச்சு, சீர் பலகாரத்துக்கு மாவு இடிக்கிற நேரத்துல! செய்வினைதான்னு முடிவு கட்டிட்டேன். "சரி சார், இடிக்கல"ன்னு வாக்குக் குடுத்துட்டு, நாலு ஞாயிறும் பதினோரு மணிக்குக் கொல்லையில உரலுக்கு அடியில சாக்கைப் போட்டுச் சத்தம் வராம இடிச்சேன். அவரு வேண்டாம்ங்குற நேரத்துல இடிச்சாத்தானே வினை முறியும்!

அஞ்சாம் வாரம் கண்ணுல தண்ணியோட வந்தாரு. "அக்கா, வந்திருச்சு! நாலு வாரமும் ஒரே நேரத்துல தடி நடுங்கியிருக்கு. பெங்களூர் விஞ்ஞானிகளுக்கு எழுதிட்டேன், தபால்ல போடப்போறேன்." வாசிச்சும் காட்டுனாரு. கடைசி வரி: 'அந்த நேரத்தில் உரலில் இடிக்கவில்லை என்று வீட்டுக்கார அம்மாள் ஒச்சாயி உறுதி கூறியுள்ளார்.'

சொன்னா மனுசன் சந்தோசம் போச்சு. சொல்லாட்டி பெரிய ஆளுக முன்னாடி அவரு மானம் போகும். அடி பாவி, உனக்கு எதுக்குடி இந்த வேலை!

"நான்தான் சார் இடிச்சேன்"னு சொல்லிட்டேன்.

கடுதாசியை நாலா மடிச்சுப் பையில வச்சாரு. "இதுக்குத்தான்க்கா வெளிநாட்டுல, மூணு விண்கலத்தை விண்வெளியில தள்ளித் தள்ளி நிறுத்தி, ஒண்ணுக்கொண்ணு ஒளியை விட்டு அந்த நடுக்கத்தை அளக்கலாமான்னு யோசிக்கிறாங்க. அங்க நம்ம ஊரு அதிர்வு எதுவும் எட்டாது."

"ஆமா சார், அங்கிட்டு வந்து நான் எப்படி இடிக்க?"

சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல.

"நாலு வாரம் சார். எம்மேல ஒரு நாளாச்சும் சந்தேகம் வரலையா?"

"லாரியைச் சந்தேகப்பட்டேன், ரயிலைச் சந்தேகப்பட்டேன்க்கா. நீங்கதான் வாக்குக் குடுத்திருந்தீகளே."